உஷார்! கோழிக்கூண்டுக்குச் சட்டமே முத்திரை குத்திவிட்டது

முட்டை சாப்பிடுகிறவர்கள், பண்ணை நடத்துகிறவர்கள், பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை. "கோழிகளுக்குப் புது விதி வந்துவிட்டது, இனி அவற்றை யாரும் வதைக்க முடியாது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். முட்டைக்கோழிகளுக்காக 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த வதைத் தடுப்பு விதிகள், கோழிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கின்றன. கூடவே இன்னொன்றையும் செய்திருக்கின்றன. அதுவரை சட்டத்தின் முன் பதில் சொல்ல முடியாமல் நின்ற கூண்டுமுறைக்கு ஓர் அளவைச் சொல்லி, அந்த அளவில் இருந்தால் சரி என்று அனுமதி கொடுத்துவிட்டன. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இன்று கட்டும் ஷெட் இன்னும் பல வருடம் நிற்கும். இப்போது விழித்துக்கொள்ளாவிட்டால் இனிப் பிறக்கப்போகும் கோடிக்கணக்கான கோழிகளுக்கும் அதே கம்பிவலைதான்.

கோழியும் சட்டப்படி விலங்குதான்

வதைத் தடுப்புச் சட்டம் என்றால் நாய்க்கும் மாட்டுக்கும் யானைக்கும்தான், கோழிக்கு ஏது சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதரைத் தவிர உயிருள்ள எல்லாவற்றையும் விலங்கு என்றே சொல்கிறது. ஒரு பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்க வேண்டும், தேவையில்லாத வலியும் துன்பமும் அதற்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 3ஆவது பிரிவு. 11ஆவது பிரிவு இன்னும் தெளிவு. உயரம், நீளம், அகலம் போதாமல், நியாயமான அளவுக்கு அசைய இடம் தராத கூண்டில் ஒரு பிராணியை அடைத்துவைப்பதே குற்றம்.

இதை வைத்துத்தான் இந்திய விலங்குகள் நல வாரியம் 2012இல் மாநில அரசுகளுக்கு எழுதியது. வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகளை அடுக்கி முட்டைக்கோழிகளை வளர்ப்பது இந்தப் பிரிவுக்கு விரோதம், 2017க்குள் படிப்படியாக நிறுத்துங்கள் என்றது அந்த அறிவுரை. 2014 மே மாதம், நாகராஜா வழக்கு என்று நாம் அறிந்த ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களை ஏற்றுக்கொண்டது. பசி தாகம் இல்லாமல் இருப்பது, உடலுக்கு வசதியான இடம், வலியும் நோயும் இல்லாமை, பயமும் துயரமும் இல்லாமை, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம் என்ற அந்த ஐந்தும் காளைக்கு மட்டும் சொன்னவை அல்ல. 2017 ஜூலையில் மத்திய சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையை முழுக்க முழுக்க முட்டைக்கோழிகளுக்காகவும் கறிக்கோழிகளுக்காகவுமே எழுதியது. நோய் இல்லாத கோழிக்கு ஆண்டிபயாட்டிக் கொடுப்பதை எச்சரித்தது. கூண்டில் அடைக்காமல் வளர்த்த கோழியின் முட்டையையும் கூண்டு முட்டையையும் வாங்குகிறவர் பிரித்தறிய, கால்நடைத் துறையின் சான்று வேண்டும் என்றது.

ஆக, 2017 வரை காற்று கூண்டுக்கு எதிராகத்தான் வீசியது. அதன்பிறகு வந்த விதிகள் கூண்டை ஒழிக்கவில்லை. ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்று அளவு சொல்லி அதை நிலைக்கவைத்தன. ஏற்கெனவே இயங்கும் பண்ணைகளுக்கு அதற்கும் ஆண்டுக்கணக்கில் அவகாசம்.

550 என்றால் எவ்வளவு?

ஜெராக்ஸ் கடையில் பயன்படுத்தும் ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். அந்தத் தாளைவிடச் சின்ன இடத்தில் ஒரு கோழி ஓராண்டுக்கு மேல் வாழ வேண்டும். புது விதியே தருவது இவ்வளவுதான்.

1989இல் பிரிட்டனில் டாக்கின்ஸ், ஹார்டி என்ற இரு ஆய்வாளர்கள் முட்டைக்கோழிகளை மேலிருந்து படமெடுத்து, எந்த அசைவுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்தார்கள். சும்மா நிற்க சராசரியாக 475 சதுர சென்டிமீட்டர். இறகைக் கோத, 1,151. திரும்பி நிற்க, 1,272. சிறகடிக்க, 1,876. இந்தக் கணக்கை 550க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விதி தந்திருப்பது நிற்க மட்டும் இடம். திரும்ப வேண்டுமென்றால் பக்கத்துக் கோழியின் இடத்தைப் பிடித்தாக வேண்டும்.

ஷெட்டுக்குள் நடப்பது

கூண்டின் தரை கம்பிவலை. முட்டை தானாக உருண்டு முன்னால் வந்து நிற்பதற்காக அது முன்பக்கம் சாய்வாக இருக்கும். அந்தச் சாய்வுக் கம்பியைப் பற்றிக்கொண்டு இரவும் பகலும் நிற்கிறது கோழி. சீய்க்க மண் இல்லாததால் தேயாமல் நகம் நீண்டு வளைகிறது. தீவனத் தொட்டிக்குத் தலையை நீட்டி நீட்டி, கம்பியில் உரசிக் கழுத்து இறகு உதிர்ந்து தோல் தெரிகிறது. மண்குளியல் போட வேண்டும் என்ற உந்துதல் மட்டும் போகவில்லை. கம்பிமேலேயே உட்கார்ந்து, இல்லாத மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்வதுபோல உடலை உதறுகிறது. முட்டையிடும் நேரம் வந்தால் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் தேடுவது கோழியின் குணம். வீட்டுக்கோழி அடுப்படி மூலையிலோ பழைய கூடையிலோ போய் உட்காருவதை நாம் பார்த்திருக்கிறோம். கூண்டுக்கோழிக்குப் போக்கிடம் கிடையாது. ஒவ்வொரு முட்டைக்கும் முன்னால் அது தவிக்கிறது.

இடநெருக்கடியில் ஒன்றையொன்று கொத்தும். அதற்காக இடத்தைக் கூட்டுவதில்லை, மூக்கை வெட்டுகிறார்கள். குஞ்சாக இருக்கும்போதே, பழுக்கக் காய்ந்த தகட்டில் வைத்து அலகின் நுனியைத் துண்டிக்கிறார்கள். அது வெறும் நகம்போன்ற பொருள் அல்ல. அலகின் உள்ளே நரம்பு ஓடுகிறது, வலிக்கும்.

ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும்படி இந்த இனங்களை உருவாக்கியிருக்கிறார்கள். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்தும் போகிறது. நடமாட்டமும் இல்லாததால் எலும்பு பொடிந்துபோகும் நிலைக்கு வந்துவிடுகிறது. முட்டை குறைந்ததும் கழித்துக்கட்ட, காலைப் பிடித்துக் கூண்டிலிருந்து இழுக்கிறார்கள். அப்போது எலும்பு முறிவது சாதாரணமாக நடக்கிறது.

இதெல்லாம் சட்டத்தை மீறினால் என்ன தண்டனை? 11ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 50 ரூபாயில் ஒரு டஜன் முட்டைகூட வராது. 2022 நவம்பரில் மத்திய அரசு இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. கருத்துக் கேட்டதோடு சரி.

கலர் கோழிக்குஞ்சு வாங்குகிற பெற்றோரே, உஷார்!

முட்டை இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கோழிபோல் சீக்கிரம் எடையும் போடாது. ஆகவே குஞ்சு பொரிக்கும் இடத்தில் அதற்கு மதிப்பே கிடையாது. பிறந்த நாளே பிரித்தெடுத்துக் கொன்றுவிடுவது உலகம் முழுக்க இந்தத் தொழிலின் வழக்கம். ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் ஊரில் அவற்றில் ஒரு பகுதி, சாயம் ஏற்றிப் பச்சையும் ரோஸும் ஊதாவுமாகத் திருவிழாக் கடைகளில் வருகிறது. தாய்ச்சூடு இல்லாமல், சாயத்தில் நனைந்து, வெயிலில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்துவிடும். பிள்ளை அழுதாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசுதான் அடுத்த பெட்டியைக் கொண்டுவருகிறது.

மருந்து விஷயத்தில் உஷார்!

நெருக்கமாக அடைத்தால் நோய் பரவும். நோயைத் தடுக்க மருந்து. அது போதாதென்று, நோயே இல்லாதபோதும் எடை கூடுவதற்காகத் தீவனத்திலேயே மருந்து. இந்தச் சங்கிலி நம் ஆஸ்பத்திரி வரை வருகிறது. கொலிஸ்டின் என்ற மருந்து, மற்ற ஆண்டிபயாட்டிக் எதுவும் கேட்காத நோயாளிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம். அதைக் கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2015இல் சீனாவில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமி மரபணு ஒன்றைப் பண்ணை விலங்குகளிடமும் நோயாளிகளிடமும் கண்டுபிடித்தபோது உலகமே அதிர்ந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. நல்ல நடவடிக்கை. ஆனால் ஒரு மருந்தைத் தடுத்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். நெருக்கடியைக் குறைக்காத வரை மருந்தின் தேவையும் குறையாது. கோழியின் நலனும் நம் நலனும் ஒரே கணக்கில்தான் இருக்கின்றன.

பண்ணைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எந்த மருந்து கொடுத்தாலும் கால்நடை மருத்துவரின் சீட்டோடு கொடுங்கள். மருந்து நிறுத்திய பிறகு குறிப்பிட்ட நாட்கள் முடியும் வரை முட்டையையோ கறியையோ விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்!

பழுப்பு முட்டையெல்லாம் நாட்டுக்கோழி முட்டை அல்ல. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டை இடும் கலப்பினக் கோழிகளையும் இதே கம்பிக் கூண்டில் வளர்க்கலாம், வளர்க்கிறார்கள். மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் வெளியே மேய்ந்த கோழி என்றும் சொல்ல முடியாது. தீவனத்தில் நிறம் தரும் பொருளைச் சேர்த்தாலே அந்த நிறம் வந்துவிடும். 'பண்ணை முட்டை', 'இயற்கை', 'சத்து நிறைந்தது' போன்ற வார்த்தைகள் கோழி எப்படி வாழ்ந்தது என்று எதையும் சொல்வதில்லை. புல்வெளியில் கோழி நிற்கும் படமும் அப்படித்தான். கூடுதல் விலை கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது? அங்கே கோழி கூண்டில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா? பதில் இல்லையென்றால் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பண்ணையாளர்களே, டேப் எடுத்து அளந்து பாருங்கள்!

பண்ணைக்காரர்களை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. மக்காச்சோளம், சோயா விலை ஏறினாலும், முட்டை விலை சரிந்தாலும் அடி விழுவது அவர்கள் மேல்தான். நாமக்கல் வெயிலில் கோழி மூச்சு வாங்கும்போது ஷெட்டின் கூரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு தூங்காமல் நிற்பதும் அவர்கள்தான். ஆகவே அவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

18 அங்குலத்துக்கு 15 அங்குலம் உள்ள கூண்டில் 4 கோழி விட்டால் ஒன்றுக்கு சுமார் 435 சதுர சென்டிமீட்டர். 15க்கு 12 அங்குலக் கூண்டில் 3 விட்டால் சுமார் 387. இரண்டுமே 550க்குக் கீழே. முதல் கூண்டில் 3, இரண்டாவதில் 2 என்று குறைத்தால்தான் சுமார் 580 வரும். அதாவது அவகாசம் முடியும்போது ஷெட்டில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கோழியைக் குறைக்க வேண்டியிருக்கும். பழைய அளவில் புதுக் கூண்டு வாங்க பேங்கில் கடன் எடுப்பவர்கள், கடன் தீரும் முன்பே அந்தக் கூண்டு சட்டத்துக்கு ஒவ்வாததாகிவிடலாம் என்பதை யோசிக்க வேண்டும்.

550க்குப் பொருத்தமாகக் கட்டினாலும் நிம்மதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் போட்டு, அவகாசம் கொடுத்து, 2012 ஜனவரி 1 முதல் பழைய வகைக் கூண்டையே தடை செய்துவிட்டது. அங்கே இன்னும் அனுமதியுள்ள கூண்டிலும் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர், முட்டையிட மறைவிடம், அமரக் கட்டை, சீய்க்க இடம் எல்லாம் வேண்டும். அந்தத் திசையில்தான் உலகம் போகிறது. இப்போதே தரைமுறைக்கு மாறுவதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது உங்கள் முதலுக்கும் பாதுகாப்பு.

பெரிய வாடிக்கையாளர் அரசுதான்

தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் 2010 முதல் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை கொடுக்கிறார்கள். இது பெருமைப்பட வேண்டிய திட்டம், ஒரு முட்டைகூடக் குறையக் கூடாது. இத்தனை முட்டை வாங்கும் அரசு, டெண்டரில் முட்டையின் எடையைக் கேட்பதோடு நிற்க வேண்டியதில்லை. கோழிக்கு எவ்வளவு இடம், என்ன மருந்து, பட்டினி போட்டு இறகுதிர்க்கவைத்து மறுபடி முட்டையிடவைத்தார்களா என்றும் கேட்கலாம். ஓராண்டில் ஒரு சிறு பங்கையாவது கூண்டில்லாத பண்ணைகளிடம் வாங்குவோம் என்று அரசு சொன்னால், மாற நினைக்கும் பண்ணையாளருக்குச் சந்தை உறுதியாகிவிடும். சட்டம் போட்டு மிரட்டுவதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக் காளைக்காக மெரினாவில் திரண்டோம், சில நாட்களில் சட்டம் திருத்தப்பட்டது. மக்கள் கேட்டால் சட்டம் அசையும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே மக்கள் கோழிக்காகவும் கேட்கலாம்.

இன்றே செய்யக்கூடியவை

ஒன்று. பைக் ஹேண்டிலில் கோழிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோவது, வலி உண்டாகும்படி பிராணியை எடுத்துச்செல்லும் குற்றத்தில் சேரும். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் மூச்சுப்பைகளை அழுத்தும், அது திணறும். கறிக்கடையில் உங்களுக்காக அப்படித் தூக்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டு. கோடையில் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்த கோழி வண்டியைக் கண்டால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துப் படமெடுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வண்டி வெயிலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு ஆபத்து. காவல்துறைக்கும் மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் தகவல் கொடுங்கள்.

மூன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு மனு போடுங்கள். மாவட்டத்தில் எத்தனை முட்டைப் பண்ணை? எத்தனை பண்ணையில் கூண்டை அளந்து ஆய்வு செய்தீர்கள்? எத்தனை இடத்தில் 550 இருந்தது? 11ஆவது பிரிவில் எத்தனை வழக்கு? இந்த நான்கு கேள்வி போதும். கேள்வி வரும் இடத்தில்தான் ஆய்வும் நடக்கும்.

நான்கு. பண்ணைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஈத்தொல்லையையும் நாற்றத்தையும் மட்டும் புகாராக எழுதாதீர்கள். ஈ பெருகுவதற்கும் கோழி வாடுவதற்கும் காரணம் ஒன்றே, அளவுக்கு மீறிய அடைப்பு. இரண்டையும் சேர்த்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள்.

ஐந்து. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 10 ரூபாய் அபராதத்தை மாற்றச் சொல்லுங்கள். கூண்டுமுறை முடிவதற்கு ஒரு தேதி குறிக்கச் சொல்லுங்கள்.

550 என்பது ஆரம்பம் என்று அரசு சொன்னால் ஏற்கலாம். முடிவு என்று சொன்னால் ஏற்கக் கூடாது. அசைய இடமில்லாத கூண்டு குற்றம் என்று 1960லேயே எழுதிவைத்த நாடு இது. அந்த வரியை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, கேட்கும் மக்கள்தான் தேவை. கேளுங்கள், இந்த வாரமே கேளுங்கள்!